கற்றாழையில் இது எந்த வகை? புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நர்சரியில் கைக்கு அடக்கமான தொட்டியில் ஒரு கற்றாழைக் கன்றைப் பார்த்தேன். மடல் முழுக்க வெள்ளைப் புள்ளி. மடல்கள் வட்டமாக இல்லாமல் விசிறி மாதிரி இடம் வலமாக இரண்டே வரிசையில் நின்றன. அபூர்வமான வகை என்று சொன்னார்கள். சாதாரணக் கன்றைவிட நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கி வந்தேன். ஒன்றரை வருடம் போனது. புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கின, மடல்கள் சுற்றிச் சுழன்று வட்டமாக விரிந்தன, நிறம் சாம்பல் பூத்த பச்சையானது. கடைசியில் அது எங்கள் தெருவில் பாதி வீட்டு வாசலில் நிற்கும் அதே சோற்றுக்கற்றாழை. செடிமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, இன்றும் மாடியில் செழிப்பாக இருக்கிறது. எதைப் பார்த்து வகை பிரிக்க வேண்டும் என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

உலகில் கற்றாழையின் தாவர இனமான அலோவில் 500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆப்பிரிக்கக் கண்டம், மடகாஸ்கர், அரேபியத் தீபகற்பம், இந்தியப் பெருங்கடல் தீவுகள் சில, இவைதான் அவற்றின் பிறந்த வீடு. நாம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சோற்றுக்கற்றாழையின் பூர்வீகமும் அரேபியப் பக்கம்தான். எப்போதோ வந்து, சித்த மருத்துவத்தில் 'குமரி' என்ற பெயரும் பெற்று, நம் ஊர்ச் செடியாகவே ஆகிவிட்டது. இத்தனை வகைகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பார்க்க வேண்டியதை வரிசையாகப் பார்த்தால் நர்சரியில் கண்ணில் படுகிறவற்றில் பெரும்பாலானவற்றை நீங்களே பிரித்துவிடலாம்.

முதலில்: இது கற்றாழைதானா?

தமிழில் 'கற்றாழை' என்ற ஒரே பெயர் சம்பந்தமே இல்லாத செடிகளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்டவாளத்து ஓரத்திலும் வயல் வேலியிலும் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஆனைக்கற்றாழை, ரயில் கற்றாழை இரண்டும் அகேவ் இனம். அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, அலோவோடு நெருங்கிய உறவு இல்லை. நார் உரிக்கவும் வேலி போடவும் நல்லவை. உடம்பில் தேய்ப்பதற்கு அவை ஆகவே ஆகாது. என் சித்தி ஒருமுறை ஊர்ப்பக்கம் போனபோது வேலியோரத்து ஆனைக்கற்றாழையை வெட்டி, சோற்றுக்கற்றாழை மாதிரிதானே என்று முழங்கையில் தடவிக்கொண்டார். அரை மணி நேரத்தில் கை சிவந்து தடித்து, மறுநாள் கொப்புளம் கண்டது. அந்தச் சாற்றில் ஊசி வடிவ கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, அவை தோலில் குத்தி இறங்கும். ஆகவே இந்த முதல் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

சோதிப்பது சுலபம். மடலின் நுனியைப் பாருங்கள். அகேவ் நுனியில் கோணி ஊசி மாதிரி ஒரு கெட்டியான கருமுள் இருக்கும், குத்தினால் ரத்தம் வரும். சோற்றுக்கற்றாழையின் நுனி கூராக இருந்தாலும் விரலுக்கு வளைந்து கொடுக்கும். அடுத்து, அடியில் இருக்கும் முதிர்ந்த மடல் ஒன்றைக் குறுக்கே வெட்டுங்கள். கத்தி நாரில் சிக்கி இழுத்தால் அகேவ். வழுக்கிக்கொண்டு இறங்கி, உள்ளே கண்ணாடி மாதிரி சோறு தெரிந்தால் கற்றாழை. 'சோற்று' என்ற அடைமொழியே அந்த உள்சதையால் வந்ததுதான். பூவும் காட்டிக்கொடுக்கும். அகேவ் பல வருடம் காத்திருந்து மரம் மாதிரி ஒரே ஒரு பூந்தண்டு விட்டுத் தாய்ச்செடி காய்ந்துவிடும். அலோ வருடா வருடம் பூக்கும்.

மருள் என்ற நார்ச்செடியைக் கற்றாழை என்று நினைப்பவர்களும் உண்டு. அதன் மடலில் குறுக்குப் பட்டை இருக்கும், விளிம்பில் முள்ளே இருக்காது, உள்ளே நார்தான்.

தொட்டிச்செடிகளில் குழப்புபவை ஹவோர்த்தியா, காஸ்டீரியா இரண்டும். இவை அலோவின் பங்காளிகள், ஒரே குடும்பம், அதனால் தடுமாறினால் தப்பில்லை. வரிக்குதிரைச் செடி என்று விற்கும் சின்ன ஹவோர்த்தியாவின் வெள்ளை வரிகளை நகத்தால் தடவினால் மணல் மணலாக மேடு தட்டும். பூ வெளுப்பாக, நூல் மாதிரி மெலிந்த தண்டில் வரும். காஸ்டீரியாவின் மடல் நாக்கு மாதிரி மொத்தமாக, பெரும்பாலும் இரண்டு வரிசையில் இருக்கும், விளிம்பு முள் கிடையாது. அதன் பூவின் அடிப்பகுதி வயிறு மாதிரி உப்பியிருக்கும். கிரேக்கத்தில் காஸ்டர் என்றால் வயிறு, பெயரே அதிலிருந்து வந்தது.

விளிம்பைத் தடவிப் பாருங்கள்

கற்றாழைதான் என்று உறுதியான பிறகு என் கண் முதலில் போவது விளிம்புக்குத்தான். நிறம் வெயிலுக்கு மாறும், அளவு தொட்டிக்கு மாறும், உரம் போட்டால் உருவமே மாறும். விளிம்பு முள்ளின் தன்மை அவ்வளவு எளிதில் மாறாது.

சோற்றுக்கற்றாழையின் முள் சின்னது, வெளுத்தது, இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். விரலால் அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் மர ரம்பத்தின் மொட்டைப் பல் மாதிரி உறுத்தும், கீறாது. சோப்புக் கற்றாழை எனப்படும் அலோ மாகுலாட்டாவின் முள் செம்பழுப்பு நிறம், கொக்கி மாதிரிக் கூர்மை, கவனிக்காமல் தொட்டால் கீறும். தென்னாப்பிரிக்காவின் அலோ ஃபெராக்ஸில் முள் விளிம்போடு நிற்காது, இளம் செடியில் மடலின் மேலும் கீழும்கூட முளைத்திருக்கும். செடி உயர உயர அது குறைந்துகொண்டே போகும். ஃபெராக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே மூர்க்கம் என்று பொருள். இதற்கு நேர் எதிர் அலோ ஸ்ட்ரையாட்டா. அகலமான தட்டை மடல், முள்ளே இல்லை, விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் ஓடும். முள் இல்லாததால் அதைக் கற்றாழையே இல்லை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

முள்ளின் நிறம், நீளம், ஒரு முள்ளுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் எடுத்தால் மடலின் நடுப்பகுதியை எடுங்கள், ஏனென்றால் நுனிப்பக்கமும் அடிப்பக்கமும் முள்ளின் இடைவெளி மாறும்.

மடல் அடுக்கும் தண்டும்

அடுத்து செடியை நேர் மேலிருந்து பாருங்கள். ரோஜாப்பூ இதழ் மாதிரி சுற்றி விரிந்திருக்கிறதா, மூன்று வரிசையா, இரண்டு வரிசை விசிறியா?

இங்கே ஒரு எச்சரிக்கை. என்னை ஏமாற்றியது இதுதான். பல அலோக்கள் கன்றாக இருக்கும்போது இரண்டு வரிசையில்தான் மடல் விடும். சோற்றுக்கற்றாழையின் பக்கக்கன்றைப் பாருங்கள், முதல் சில மாதம் விசிறிதான். ஆகவே உள்ளங்கை அளவுக் கன்றை வைத்துக்கொண்டு 'விசிறிக் கற்றாழை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உண்மையான விசிறிக் கற்றாழை, குமாரா பிளிகாட்டிலிஸ், முதிர்ந்து மரமாகக் கிளைத்த பிறகும் விசிறியாகவே நிற்கும். அது தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மலைகளில் குளிர்கால மழையில் வளர்வது. அதன் சுபாவம் நம் சமவெளிக் கோடைக்கு முற்றிலும் மாறானது.

மூன்று வரிசையில் அடுக்கி, படகின் அடிப்பாகம் மாதிரி மடித்த மடலில் வெள்ளைப் பட்டைகள் தெரிந்தால் அது புலிக்கற்றாழை. முன்பு அலோ வேரியகாட்டா என்றார்கள், இப்போது கோனியலோ வேரியகாட்டா. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு 2013, 2014 ஆண்டுகளில் பழைய அலோ இனத்தை உடைத்துச் சிலவற்றுக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். மரமாக வளர்பவை அலோய்டென்ட்ரான் ஆயின, விசிறி குமாராவுக்குப் போனது, புலி கோனியலோவுக்கு, மடல் நுனியில் வெள்ளை மயிர் மாதிரி நீண்டிருக்கும் சின்னச் செடி அரிஸ்டலோவுக்கு. நர்சரிச் சீட்டில் ஒரு பெயரும் புத்தகத்தில் வேறு பெயரும் இருந்தால் பதற வேண்டாம், இரண்டும் ஒரே செடியாக இருக்கலாம்.

தண்டையும் பாருங்கள். சோற்றுக்கற்றாழைக்குத் தண்டு இல்லை என்றே சொல்லலாம், இருந்தாலும் குட்டைதான். அலோ ஆர்போரெசென்ஸ் புதராகக் கிளைக்கும், இரண்டு மூன்று மீட்டர் உயரும், மடல் ஒல்லியாக வளைந்து தொங்கும். தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் மாட்டுப்பட்டிக்கு வேலியாக இதை நடுவது பழைய வழக்கம். அலோ யுவென்னாவின் தண்டு விரல் தடிமன், அதில் சின்ன முக்கோண மடல்கள் கோபுரம் அடுக்கியது மாதிரி ஏறும், மடலெல்லாம் வெள்ளைப் புள்ளியும் முள்ளும். பார்க்கக் கொடூரமாக இருக்கும், தொட்டால் அவ்வளவு குத்தாது. கென்யா, தான்சானியா எல்லைப்பக்கத்துச் செடி. ஜன்னலோரத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு.

புள்ளியை நம்பலாமா?

பாதி நம்பலாம். வயதோடு சேர்த்துப் பார்த்தால் மட்டும்.

சோற்றுக்கற்றாழைக் கன்றில் புள்ளி இருக்கும், வளர வளர மறையும். நர்சரிகளில் 'சைனா கற்றாழை' என்ற பெயரில் இன்னொன்று கிடைக்கிறது, அலோ சைனென்சிஸ் என்று எழுதியிருப்பார்கள். செடி சின்னது, முதிர்ந்த பிறகும் புள்ளி போகாது, பக்கக்கன்று தொட்டி நிறையத் தள்ளும், பூ ஆரஞ்சு. பெரிய சோற்றுக்கற்றாழையின் பூ மஞ்சள். 'எங்க வீட்டுக் கற்றாழை மட்டும் பெரிசாகவே மாட்டேங்குது, குட்டியா போட்டுட்டே இருக்கு' என்று சொல்பவர்களிடம் இருப்பது பெரும்பாலும் இதுதான். அது உரக்குறை இல்லை, அதன் சுபாவம்.

மாகுலாட்டாவின் புள்ளியும் கடைசிவரை நிற்கும். ஆனால் உருண்டைப் பொட்டாக இருக்காது, நீளவாக்கில் நீண்டு, ஒன்றோடொன்று இணைந்து குறுக்குப் பட்டை மாதிரித் தெரியும். மடலின் நுனி பல நேரம் காய்ந்து சுருண்டிருக்கும். சாற்றைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை வரும், சோப்புக் கற்றாழை என்ற பெயர் அதனால்.

சிவப்பு நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்

செங்கற்றாழை என்ற பெயரில் வரும் விளம்பரங்களைப் பார்த்தால் மனது கஷ்டமாக இருக்கிறது. ஒரு கன்றுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். நோயோடு போராடும் குடும்பங்கள் கடைசி நம்பிக்கையாக அதை வாங்குகின்றன.

எந்தக் கற்றாழையும் கடும் வெயிலிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் சிவக்கும். மடலில் செந்நிறமி சேர்ந்து வெயிலைத் தாங்க உதவுகிறது. அதே செடியை நிழலில் வைத்துத் தண்ணீர் விட்டால் சில வாரத்தில் பச்சைக்குத் திரும்பிவிடும். மாடியில் சுவரோரம் இருக்கும் என் சோற்றுக்கற்றாழை சித்திரையில் செம்பழுப்பாகிறது, ஐப்பசி மழைக்குப் பச்சையாகிறது. வெட்டிய சோறு காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் இளஞ்சிவப்பாவதும் சாதாரண விஷயம்தான். வெயிலில் செக்கச்செவேல் என்று ஆகும் வகைகள் உண்மையிலேயே உண்டு. மலாவி, ஜிம்பாப்வே பகுதியின் அலோ கேமரோனியும் தான்சானியாவின் அலோ டோரோத்தியேயும் அழகில் தனி. ஆனால் அவை வேறு செடிகள், சோற்றுக்கற்றாழையின் மருந்துப் பயன்பாட்டை அவற்றின்மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. சிவப்புக் கன்றை யாராவது நீட்டினால் முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள். முள்ளைப் பாருங்கள், அடுக்கைப் பாருங்கள், நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

இதே மாதிரி இன்னொன்று. ஜெல் டப்பாக்களில் 'அலோ பார்படென்சிஸ் மில்லர்' என்று இருப்பதைப் பார்த்து, அது உயர்ந்த ரகம், நம் வீட்டுச் செடி மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றேதான். 1768 ஏப்ரலில் நிக்கோலாஸ் பர்மன் இந்தச் செடியை அலோ வேரா என்று வெளியிட்டார், சில நாள் கழித்து பிலிப் மில்லர் அலோ பார்படென்சிஸ் என்று வெளியிட்டார். முந்தி வந்த பெயர் நிலைத்தது. 'மில்லர்' என்பது பெயர் வைத்தவரின் பெயர், ரகத்தின் பெயர் இல்லை.

பூ வந்தால் சந்தேகம் தீரும்

கன்று வாங்கி இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் பூ வரும். என் மாடியில் மார்கழி கடைசியில் தண்டு எழும்பி, தை மாசி முழுக்கப் பூ இருக்கும், தேன்சிட்டு காலையிலேயே வந்துவிடும்.

மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பூவின் நிறம், தண்டு கிளைத்திருக்கிறதா, கொத்தின் வடிவம். சோற்றுக்கற்றாழைக்கு நீண்ட கதிர், மஞ்சள் பூ, குழல் மாதிரித் தலைகீழாகத் தொங்கும். மாகுலாட்டாவின் கொத்து மேலே தட்டையாக, குடை விரித்தது மாதிரி இருக்கும், பூ பவளச் சிவப்பிலிருந்து மஞ்சள்வரை. தட்டைக் கொத்தைக் கண்டால் அது சோற்றுக்கற்றாழை இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நண்பர் ஒருவர் ஜூஸுக்கு என்று நாலு தொட்டி வளர்த்தார். பூ வந்த பிறகுதான் நாலும் மாகுலாட்டா என்று தெரிந்தது. ஆர்போரெசென்ஸின் பூ செக்கச்சிவந்த ஒற்றைக் கதிர். ஃபெராக்ஸ் குத்துவிளக்கு மாதிரிப் பல கதிர்களாகக் கிளைத்து நிற்கும். அரிஸ்டலோவையும் ஹவோர்த்தியாவையும் மடலை வைத்துப் பிரிக்க முடியாமல் தவிப்பவர்களுக்கும் பூதான் துணை. செம்மஞ்சள் பூ என்றால் முன்னது, வெளுத்த சின்னப் பூ என்றால் பின்னது.

வாங்கும்போது

சமவெளியில் இருப்பவர்கள் சோற்றுக்கற்றாழை, சைனா வகை, யுவென்னா, மாகுலாட்டா இந்த நான்கில் தொடங்குங்கள். புலிக்கற்றாழையைக் கைபழகிய பிறகு முயலலாம். கோடையில் அது உறங்கும், அந்த நேரம் தண்ணீர் ஊற்றினால் அடி அழுகும்.

சுருள் கற்றாழையின் படத்தைப் பார்த்து மயங்காதவர் யார்! அலோ பாலிஃபில்லா, ஐந்து வரிசை மடல்கள் கணக்குப் போட்டு வரைந்தது மாதிரிச் சுழலும், சில செடி வலமாக, சில செடி இடமாக. அது லெசோத்தோ நாட்டின் தேசியச் செடி. கடல் மட்டத்துக்கு 2000 மீட்டருக்கு மேலே, பனி விழும் மலைச்சரிவில், வேருக்குக் கீழே எப்போதும் குளிர்ந்த ஈரம் கசியும் இடத்தில் வாழ்வது. மதுரை வெயிலில் அதை வைத்துக் காப்பாற்ற முடியாது. காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கியே அது அருகிப்போனது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் (CITES) முதல் பட்டியலில் இருக்கிறது. சோற்றுக்கற்றாழை தவிர்த்த மற்ற அலோக்கள் எல்லாமே அந்த ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. ஆகவே வெளிநாட்டு வகை வாங்கினால் நர்சரியில் வளர்த்த கன்றா என்று கேளுங்கள்.

தொட்டியிலிருந்து மெல்ல உருவிப் பார்க்க அனுமதி கேளுங்கள். வேர் மஞ்சள் கலந்த வெண்மையில் கெட்டியாக இருக்க வேண்டும். கறுத்துக் குழைந்திருந்தால் வேண்டாம். அடிமடல்கள் ஊறிய அப்பளம் மாதிரித் தொளதொளத்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று பொருள், ஒல்லியாக உட்குழிந்திருந்தால் தண்ணீர்ப் பஞ்சம். இரண்டாவது ஒரு வாரத்தில் தேறும், முதலாவது தேறுவது சந்தேகம். வீட்டு வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டிய கற்றாழை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், சிலது பூக்கக்கூடச் செய்யும். பகலில் மடலின் துளைகளை மூடிக்கொண்டு இரவில் மட்டும் திறப்பதால் அதன் ஈரம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. காய்ச்சலைத் தாங்கும் செடி, ஊறலைத் தாங்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாலேயே தொட்டியைக் கூரை ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

சாப்பிட எடுப்பவர்களுக்கு

பெயர் உறுதியாகாத எந்தக் கற்றாழையையும் வாயில் வைக்க வேண்டாம். சோற்றுக்கற்றாழையாகவே இருந்தாலும், மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு கசப்புநீர் வடியும். காய்ந்தால் கறுத்துப் பிசினாகும், நாட்டு மருந்துக்கடையில் கரியபோளம் என்று விற்பது அப்படிக் காய்ச்சி எடுத்ததுதான். கடும் பேதியாக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. தென்னாப்பிரிக்காவில் ஃபெராக்ஸ் மடல்களை ஒரு குழியைச் சுற்றி வட்டமாக அடுக்கி, இதே நீரை வடித்து, காய்ச்சி விற்கிறார்கள்.

வெட்டிய மடலைச் சாய்த்து நிறுத்தி, மஞ்சள்நீர் வடிவது நிற்கும்வரை விட்டுவிடுங்கள். பிறகு இருபக்க முள்ளையும் சீவி, தோலைத் தடிமனாகவே உரியுங்கள். சோற்றை ஏழு தண்ணீரில் கழுவச் சொல்வார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ஆறாவது தண்ணீரில் ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்திருக்கிறேன், லேசாகக் கசந்தது. ஏழாவதில் வெறும் வழுவழுப்புதான் இருந்தது.